மைனர் என்ஜினில் மூன்று நிறம்: இதில் எது ஒரிஜினல்?

அல்சூர்_மைனர் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். வண்டி 1958 மோரிஸ் மைனர் 1000, 948 சிசி. 1967-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய ஓர் ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்திடமிருந்து கோலார் தங்கவயலில் தாத்தா வாங்கியது. இப்போது பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. பதினோரு வருடமாக ஓடவில்லை. போன மாதம் என்ஜினை இறக்கிவிட்டோம்.

பிரச்சினை பெயிண்ட்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு கராஜில் சர்வீஸுக்கு விட்டபோது, கேட்காமலேயே என்ஜின் முழுக்க அலுமினியம் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். டைனமோ, ரப்பர் ஹோஸ், என்ஜின் நம்பர் தகடு எல்லாம் ஒரே வெள்ளி. அது இப்போது செதில் செதிலாக உரிகிறது. உரிந்த இடத்தில் அடியில் பச்சை தெரிகிறது. "திரும்ப சில்வரே அடிச்சுடலாம் சார், பளிச்சுன்னு இருக்கும்" என்கிறார் இப்போதைய மெக்கானிக். எனக்கு மனசு வரவில்லை. ஆலையில் அடித்த பச்சையைத் துல்லியமாகப் பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என்ஜின் பிளாக், சிலிண்டர் துளைகளைக் கடையும் போரிங் வேலைக்குப் போகிறது. அதற்கு முன்னால் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வார்களாம். போட்டோவை வைத்துக் கலர் கலக்க முடியுமா?

தின்னர்_தாத்தா | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, தொட்டியில் போடுவதை நிறுத்துங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

காஸ்டிக்கில் போய்வந்த பிளாக்கில் பெயிண்ட் மிஞ்சாது. ஓரம் சாரத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதை நம்பக் கூடாது. அந்தக் காலத்துப் பச்சைகளில் பல, பிரஷ்யன் நீலத்தையும் குரோம் மஞ்சளையும் கலந்து செய்தவை. பிரஷ்யன் நீலத்துக்குக் காரம் ஆகாது. காஸ்டிக் பட்டால் நீலம் செத்துத் துருப்பிடித்த பழுப்பு மட்டும் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "ஒரிஜினல் கலர் பாசிப் பச்சை" என்று சத்தியம் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சூட்டிலும் இதே கதைதான். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை எப்போதும் பழுப்பு ஏறித்தான் இருக்கும். அங்கிருந்து மாதிரி எடுக்காதீர்கள்.

போட்டோ வேண்டவே வேண்டாம். வெள்ளை எது என்பதை போன் தானாக முடிவு செய்துகொள்ளும். ஒரே என்ஜினை டியூப் லைட்டில் ஒரு தடவை, வாசலில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், இரண்டு வண்டி போல இருக்கும்.

காஸ்ட்_அயர்ன் | திங்கள், காலை 7.50

தின்னர் தாத்தா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்க வேண்டியது வெளிச்சமும் சூடும் எண்ணெயும் படாத இடத்தில். உங்கள் மைனரில் இருக்கும் ஏ-சீரிஸ் வகை என்ஜினில் நான் பார்ப்பது வலது பக்கம் டைனமோ பிராக்கெட் உட்காரும் இடம், என்ஜின் மவுண்டிங்கின் பின்புறம், தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் அடிவிளிம்பு. இடது பக்கத்தில் பிளாக்கை மூடும் சின்னத் தகடுகளான டாப்பெட் கவர் இரண்டும் மேனிஃபோல்டுக்கு நேர் கீழே இருப்பதால் நிறத்துக்கு உதவாது, ஆனால் எத்தனை அடுக்கு இருக்கிறது என்று பார்க்க நல்ல இடம்.

கழற்ற முடிகிற ஏதாவது ஒரு துண்டைப் பெயிண்டோடு அப்படியே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். கலர் கலக்கும் கடைக்கு பிளாக்கைத் தூக்கிக்கொண்டா போவீர்கள்?

முதலில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை எடுக்க வேண்டும். தின்னரைத் தொடவே கூடாது. ஏனென்றால் பழைய பெயிண்ட் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருந்தால் தின்னர் துணியிலேயே கரைந்து வந்துவிடும். எனாமல் என்றால் அவ்வளவு சீக்கிரம் அசையாது. இந்தச் சோதனையை நகத்தளவு ஓர் ஓரத்தில் செய்து பார்த்துக்கொண்டால் போதும்.

அப்புறம் நீர் எமரி. 400-இல் தொடங்கி 800, கடைசியில் 1500. ஐந்து ரூபாய்க் காசு அளவு வட்டமாக, நடுவில் இரும்பு தெரியும்வரை சரிவாகத் தேயுங்கள். ஒவ்வோர் அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். கட்டாயம் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்தக் குரோம் மஞ்சள் ஈயக் கலவை, காய்ந்த தூசியாக மூக்குக்குள் போகக் கூடாது.

பியட்_மாட்டுங்கா | திங்கள், காலை 11.05

எங்கள் மும்பைப் பக்கம் அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஷெவர்லே வி8 என்றால் ஆரஞ்சு, 1966-க்கு அப்புறம் வந்த ஃபோர்டு என்றால் நீலம், பழைய போன்டியாக் என்றால் வெளிர் நீலம். டப்பாவில் பெயர் போட்டே விற்கிறார்கள். வாங்கி அடிக்க வேண்டியதுதான். நாம்தான் காசளவு வட்டம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வண்டிக்கு அடர் பச்சைதான். மைனர், மினி இரண்டிலும் ஏ-சீரிஸ் அந்த நிறத்தில்தான் வந்தது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் கார் என்றால்தான் மெரூன் சிவப்பு. அதிகம் யோசிக்காதீர்கள்.

அல்சூர்_மைனர் | செவ்வாய், இரவு 11.30

அதிகம் யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, டைனமோ பிராக்கெட் அடியில் ஒரு வட்டம் தேய்த்தேன். வெளியிலிருந்து உள்ளே போனால்: வெள்ளி. அடுத்து கொஞ்சம் தெளிவான பச்சை, தடிமனாக. அதற்கும் அடியில், இரும்பை ஒட்டி, மங்கின தங்க நிறம். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்காமல் ஒரு வருடம் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. முதலில் துருவோ பிரைமரோ என்று நினைத்தேன். 1500 போட்டதும் மினுக்கியது.

ஹெட்டிலும் அதே மூன்று வளையம். ஆனால் ஹெட்டுக்கு மேல் மூடியாக உட்காரும் ராக்கர் கவரில் தங்கமே இல்லை. வெள்ளி, தெளிவான பச்சை, அதற்கடியில் இன்னொரு பச்சை, ரொம்ப அடர்த்தியாக. வாட்டர் பம்பிலும் அப்படியே.

ஆக மொத்தம் இரண்டு பச்சை, ஒரு தங்கம், ஒரு வெள்ளி. யாராவது விளக்குங்கள். தங்கவயல் வண்டி என்பதால் தங்கம் ஊறிவிட்டது என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், என் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

தின்னர்_தாத்தா | புதன், காலை 6.20

தம்பி, உங்கள் பிளாக் இந்த வண்டியோடு பிறந்தது இல்லை.

மோரிஸ் வண்டிகளைச் செய்த பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) காலத்தில் ஆலையே பழைய என்ஜின்களைப் பிரித்து ரீகண்டிஷன் செய்து மாற்று என்ஜினாக விற்றது. அதற்குப் பெயர் கோல்டு சீல். அடையாளத்துக்கு முழுக்கத் தங்க நிறம் அடித்து வரும். சில்வர் சீல் என்றும் ஒன்று உண்டு, அது வெள்ளி நிறம். (உங்கள் கராஜ்காரர் அடித்த வெள்ளிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது, அது வெறும் கைப்பழக்கம்.)

இரும்பை ஒட்டித் தங்கம், பச்சை அதற்கு மேலே என்றால், என்ஜின் கோல்டு சீலாக வந்து மாட்டப்பட்டிருக்கிறது. ராக்கர் கவரும் வாட்டர் பம்பும் பழைய என்ஜினிலிருந்து கழற்றி இதில் போட்டவை. அதனால்தான் அவற்றின் அடியில் ஆலைப் பச்சை அப்படியே இருக்கிறது. நீங்கள் தேடிய பச்சை பிளாக்கில் இல்லை, ராக்கர் கவரில் இருக்கிறது.

வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகம் இருந்தால் என்ஜின் நம்பர் எழுதின இடத்தைப் பாருங்கள்.

அல்சூர்_மைனர் | புதன், இரவு 8.10

பார்த்தேன். கை நடுங்குகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அச்சடித்த கட்டத்துக்குள் முதலில் எழுதின நம்பரைச் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். பக்கத்தில் புது நம்பர், சின்னக் கையெழுத்து, வட்ட முத்திரை, 1966. எத்தனை தடவை இன்சூரன்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்திருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. தகட்டின் மேலிருந்த வெள்ளியை மெதுவாகத் துடைத்து நம்பரையும் ஒப்பிட்டேன். சரியாக இருக்கிறது.

அதாவது தாத்தா வாங்கும்போதே என்ஜின் மாறி ஒரு வருடம் ஆகியிருக்கிறது.

சரி, இப்போது எதை அடிப்பது?

காஸ்ட்_அயர்ன் | புதன், இரவு 8.45

அடர் பச்சை. இதில் கேள்விக்கே இடமில்லை. 1958 மைனர் ஆலையை விட்டு வெளியே வரும்போது எப்படி இருந்ததோ அதுதான் ஒரிஜினல். ராக்கர் கவரின் உள்விளிம்பில் மாதிரி இருக்கிறது. அதைப் பிடித்து முழு என்ஜினுக்கும் அடியுங்கள்.

பியட்_மாட்டுங்கா | புதன், இரவு 9.00

அந்தப் பிளாக் ஒரு நாள்கூட அடர் பச்சையாக இருந்ததில்லையே, பாஸ்? அதற்கு ஆலை கொடுத்த நிறம் தங்கம். இந்தியாவில் கோல்டு சீல் நிறத்தோடு ஒரு மைனர் நின்றால் கண்காட்சியில் கூட்டம் கூடும். தங்கம் அடியுங்கள், ராக்கர் கவரை மட்டும் அடர் பச்சையில் விடுங்கள். 1966-இல் பானெட்டைத் திறந்தவர் அதைத்தான் பார்த்திருப்பார்.

தின்னர்_தாத்தா | வியாழன், காலை 6.05

தங்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பித்தளைத் தூள் போட்ட தங்க பெயிண்ட் காற்றுப்பட்டுக் கறுக்கும். இப்போது தெரியும் பழுப்புத் தங்கத்துக்குப் பொருத்தினால், கிழடான நிறத்தைத்தான் புதிதாக அடிப்பீர்கள். அதோடு மினுக்கும் பெயிண்டை நேராகப் பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் இன்னொரு நிறம். இரண்டு கோணத்திலும் பொருந்த வேண்டும்.

கடையில் நிறம் அளக்கும் கருவி வைத்திருப்பார்கள், அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் வைத்தால் தப்புக் கணக்குதான் காட்டும். குறைந்தது காசளவு தட்டையான, பாலீஷ் போட்ட இடம் வேண்டும். அந்த வகையில் ராக்கர் கவர் தகடு உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இன்னொன்று. இப்போதைய பச்சைகளில் பிரஷ்யன் நீலம் இருக்காது, பெரும்பாலும் தாலோ என்ற செயற்கை நிறமி வகைதான். நிறமிகள் வேறு என்பதால் கடை டியூப் லைட்டில் அச்சாகப் பொருந்தும், வெயிலில் கொண்டுவந்தால் ஒன்று நீலம் சாயும், ஒன்று மஞ்சள் சாயும். அதனால் கலக்கிய பெயிண்டைக் கையோடு ஓர் அட்டையில் ஸ்ப்ரே செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போடப்போகிற அதே பிரைமர் மேல், அதே இரண்டு கோட். நன்றாகக் காய்ந்த பிறகு காலை பத்து மணி வாக்கில், நிழலில், வானம் பார்த்த இடத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரத்தில் நிறம் பார்த்து முடிவு செய்கிறவனுக்கு ஒரு டப்பா பெயிண்ட் தண்டம்.

எனக்கு இதில் கட்சி இல்லை. உங்கள் வீட்டில் அந்த வண்டியைப் பார்த்து வளர்ந்தவர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

அல்சூர்_மைனர் | ஞாயிறு, மாலை 5.20

அப்பாவைக் கேட்டேன்.

வண்டி வந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. ஷெட்டுக்குக் கூட்டிப்போய், டாப்பெட் கவரில் தேய்த்த வட்டத்தில் டார்ச் அடித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கு உரசுகிற தூரத்தில் குனிந்து பார்த்தார். தங்கத்தையும் வெள்ளியையும் கண்டுகொள்ளவே இல்லை. நடுவில் இருந்த பச்சை வளையத்தில் விரலை வைத்து, "இது வைண்டிங் என்ஜின் பச்சைடா" என்றார்.

தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஆட்களைக் கீழே இறக்கி ஏற்றும் வைண்டிங் என்ஜின் பக்கம் ஃபோர்மேன். அங்கே மிஷின்களுக்கு அடித்து மிஞ்சிய அரை டப்பா பெயிண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு தீபாவளிக்கு முன்னால் கார் என்ஜினுக்குத் தன் கையாலேயே பிரஷ்ஷில் அடித்திருக்கிறார். "தங்கக் கலர் என்ஜினைப் பார்த்தால் மேலாளர் கார் மாதிரி இருக்குன்னு அவருக்குப் பிடிக்கலை" என்றார் அப்பா. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது இவர்தானாம்.

அவர் போன பிறகு மறுபடியும் பார்த்தேன். டாப்பெட் கவரின் மூலையில், பச்சைக்குள் ஒரு பிரஷ் முடி புதைந்திருக்கிறது. அரை அங்குலம் இருக்கும். இத்தனை நாள் கீறல் என்றுதான் நினைத்திருந்தேன்.

முடிவு செய்துவிட்டேன். அந்தப் பச்சைதான். காஸ்ட்_அயர்ன் அண்ணன் மன்னிக்கவும்.

காஸ்ட்_அயர்ன் | ஞாயிறு, மாலை 6.00

மன்னிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை ஒரிஜினல் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கண்காட்சியில் நடுவராக நான் வந்தால் மார்க் குறைப்பேன். :)

கிண்டல் போகட்டும். இந்தப் பச்சையைப் பிடிப்பது உங்களுக்குச் சுலபம். மிஷின் பெயிண்ட் என்றால் அநேகமாக எண் வைத்த நிறமாகத்தான் இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 5 என்று எனாமல் நிற அட்டவணை உண்டு. பிரிட்டிஷாரின் பிஎஸ் 381சி அட்டவணையைத் தழுவியது, பல நிறங்களுக்கு இரண்டிலும் ஒரே எண். 222, 223, 224 வெண்கலப் பச்சைகள், 225, 226, 227 பிரன்ஸ்விக் பச்சைகள். தொழிற்சாலைப் பெயிண்ட் விற்கும் கடைகளில் எண்ணைச் சொன்னால் புரியும்.

அல்சூர்_மைனர் | அடுத்த சனி, பகல் 1.15

ஜே.சி. ரோடு பக்கம் இரண்டு கடையில் "கார் கலர் கோடு சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் தமிழ்க்காரர், வேலூர்ப் பக்கம். ஐஎஸ் 5 என்றதும் கல்லாவுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை பட்ட ஓர் அட்டையை எடுத்தார். வாசலுக்குக் கொண்டுவந்து டாப்பெட் கவர் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். பைக்கில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

225 ரொம்ப வெளிச்சம். 226 கிட்டே வந்தது, ஆனால் எங்கள் பச்சை ஒரு பிடி மஞ்சள். "அடுப்பு வேலை பார்த்த பெயிண்ட் சார், நீலம் கொஞ்சம் இறங்கியிருக்கும்" என்றார் அவர். தாத்தா அடித்த அன்று எப்படி இருந்திருக்குமோ அதுதான் வேண்டும் என்பதால் டைனமோ பிராக்கெட் அடியில் தேய்த்த வட்டத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கே 226 அச்சாகப் பொருந்துகிறது.

இப்போது சந்தேகம்: எந்த வகைப் பெயிண்டில் கலக்கச் சொல்வது? ஹார்டனர் கலந்து அடிக்கும் டூ-கே பியூவா (பாலியூரிதேன்), என்ஜின் எனாமலா?

தின்னர்_தாத்தா | சனி, மாலை 4.30

இரண்டும் நிற்கும். பிளாக்கின் வெளிப்புறம் சாதாரண ஓட்டத்தில் நூறு டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், டூ-கே அதைத் தாங்கும். பெட்ரோல் சிந்தினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, அது மூச்சில் போகக் கூடாது. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டு ஷெட்டில் அடிக்கிற சமாச்சாரம் இல்லை. தனிக் குழாயில் காற்று வரும் மாஸ்க் வைத்திருக்கும் பெயிண்டரிடம் கொடுங்கள். ஷெட்டில் நீங்களே அடிப்பதாக இருந்தால் என்ஜின் எனாமல், அதற்கும் கதவைத் திறந்து வைத்து, கரைப்பான் ஆவிக்கான மாஸ்க்கோடுதான்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இந்தப் பச்சை ஒரு சொட்டும் வேண்டாம். அது 400 டிகிரியைத் தாண்டும். 250 டிகிரி என்று போட்ட என்ஜின் எனாமலே அங்கே முதல் நாள் புகைந்து, இரண்டாம் நாள் உரிந்துவிடும். வெறும் இரும்பாக விடுங்கள், இல்லாவிட்டால் சிலிகோன் வகை ஹீட் பெயிண்ட்.

கோட் மெலிதாக இருக்கட்டும். தடியாகப் பூசினால் சூடும் வெளியேறாது, போல்ட் தலை ஓரமெல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும். நம்பர் தகட்டை மறைத்துவிட்டு அடியுங்கள், அந்த வெள்ளிக்காரர் கதை இன்னொரு தடவை வேண்டாம்.

அல்சூர்_மைனர் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 10.40

முடிந்தது. என்ஜின் எனாமல், 226, எபாக்ஸி பிரைமர் மேல் இரண்டு மெல்லிய கோட். ஷெட்டிலேயே நானும் தம்பியும். மேனிஃபோல்டை வெறும் இரும்பாக விட்டோம். பிளாக்கைக் காஸ்டிக்கில் போடாமல் டீசலும் பிரஷ்ஷும் வைத்தே சுத்தம் செய்யச் சொன்னேன். போரிங் கடையில் இரண்டு நாள் கூடுதல், முணுமுணுப்பும் கூடுதல்.

டைனமோ பிராக்கெட் அடியில் தேய்த்த வட்டத்தின் மேல் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. கிளியர் ஒரு கோட் போட்டு அப்படியே விட்டுவிட்டேன். பிராக்கெட் மாட்டினால் வெளியே தெரியாது. பிரஷ் முடி இருக்கும் பழைய டாப்பெட் கவரைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். மாற்றுக்கு ஒன்று சிவாஜிநகர் பழைய சாமான் கடையில் கிடைத்தது, 350 ரூபாய்.

அப்பா வந்து பார்த்தார். "ரொம்ப வழவழன்னு இருக்கே" என்றார்.

பியட்_மாட்டுங்கா | ஞாயிறு, பகல் 12.10

வாழ்த்துகள். அந்த 350 ரூபாய் கவரில் என்ன நிறம் இருந்தது?

அல்சூர்_மைனர் | ஞாயிறு, பகல் 12.25

வெள்ளி.